மண்பானையும் மாடிச் செடியும்

மே 4 அக்னி நட்சத்திரம், அதுக்கு முன்னாடியே புது மண்பானை வாங்கி ஒரு நாள் முழுக்க தண்ணில ஊறப்போட்டு வச்சிடுங்க, சோப்பு மட்டும் போட்டுடாதீங்க, மண்ணு அப்படியே இழுத்துக்கும், அப்புறம் தண்ணில அந்த வாசனைதான் வரும். தட்டுல ஆத்துமணல் பரப்பி ஈரமாக்கி அதுமேல பானைய வைங்க, ஜன்னலோரமா, ஏன்னா வெளிய கசியுற தண்ணி காத்துல ஆவியானாதான் உள்ள ஜில்லுனு ஆகும். கொஞ்சம் வெட்டிவேர துணில கட்டிப் போட்டா... அந்த மணத்துக்கு ஃப்ரிட்ஜ் பக்கமே போக மாட்டீங்க!

லீவுக்கு ஊருக்குப் போறவங்க சிலிண்டர் ரெகுலேட்டர ஆஃப் பண்ணிடுங்க. மாடில இருக்க தொட்டியெல்லாம் நிழலுக்கு நகர்த்தி, நல்லா தண்ணி ஊத்தி, மண்ணு மேல தேங்கா நார் பரப்பிட்டுப் போங்க, ஈரம் சீக்கிரம் காயாது. போன வருஷம் இத செய்யாம போய் என் மல்லிச்செடி ரெண்டும் கருகிடுச்சு, இன்னும் மனசு ஆறல.