எனம்க்குள்ள மெத்தட்: நான் இடறி விழுந்த இடங்கள்

ஆப்பிளோட ஸ்விஃப்ட் புரோகிராமிங் மொழி படிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். எனம்னா (enum) ஒரு வேல்யூ எந்தெந்த கேஸா இருக்கலாம்னு பட்டியல் போடுற டைப், மெத்தட்னா அதுக்குள்ளயே எழுதுற ஃபங்ஷன். (ஈனம்னு எழுதினா அர்த்தமே வேற ஆயிடுது, அதனால எனம்னே வெச்சுக்குவோம்.) ஆரம்பத்துல எனம்னா வடக்கு தெற்கு கிழக்கு மேற்குனு நாலு பேர வரிசையா எழுதுறது, அவ்ளோதான்னு நெனச்சு தாண்டிப் போயிட்டேன், அசோசியேட்டட் வேல்யூ (ஒரு கேஸோட ஒட்டி வர்ற டேட்டா) பாடத்தையும் ஒரு தடவ மேலோட்டமா பாத்ததோட சரி.

அப்புறம் ஒரு டவுன்லோட் ஸ்கிரீன் பண்ணும்போது தான் மாட்டினேன். லோட் ஆகுதானு ஒரு பூல் (ட்ரூ இல்ல ஃபால்ஸ்), எரர் ஒரு ஆப்ஷனல் (வேல்யூ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்), ஃபைல் ஒரு ஆப்ஷனல்னு தனித்தனியா வெச்சிருந்தேன், ஒரு நாள் பாத்தா எரரும் இருக்கு, லோட் ஆகுதுங்கிறதும் ட்ரூவா இருக்கு, எத நம்புறதுனே தெரியல. அதையே எனமா மாத்தினேன்: காத்திருக்கு, இறங்குது (சதவீதம்), முடிஞ்சது (ஃபைல்), தோத்தது (காரணம், எத்தன முயற்சி). ஒரு நேரத்துல ஒரு கேஸ் தான் இருக்க முடியும், அதுக்கு வேண்டிய டேட்டா அதுகூடவே வரும், அந்தக் குழப்பத்துக்கே வழியில்ல.

ஆனா இதுலயும் பாதி தான் புரிஞ்சிருந்துச்சு. மூணு ஸ்கிரீன்லயும் எந்த கேஸ்னு பாத்துப் பிரிக்கிற அதே ஸ்விட்ச்ச திரும்பத் திரும்ப எழுதி வெச்சிருந்தேன், எல்லாத்துலயும் சோம்பேறித்தனமா ஒரு டிஃபால்ட் (மீதி கேஸ் எல்லாத்துக்கும் பொதுவானது) வேற. அப்புறம் பாஸ்னு (pause) புது கேஸ் சேத்தப்போ கம்பைலர் வாயே தொறக்கல, ஸ்கிரீன்ல வெறும் காலி. டிஃபால்ட் போடாம இருந்திருந்தா விட்டுப்போன இடத்த எல்லாம் அதுவே காட்டிக் கொடுத்திருக்கும்.

அதனால அந்த ஸ்விட்ச்ச எனம்க்குள்ளயே ஒரு மெத்தடா கொண்டு போயிடுங்க. உள்ள ஸ்விட்ச் செல்ஃப் (செல்ஃப்னா அந்த எனம் வேல்யூவே), கேஸ்ல லெட் போட்டு சதவீதத்த எடுத்து மெசேஜா திருப்பிக் கொடுங்க, வேண்டாத வேல்யூவுக்கு அண்டர்ஸ்கோர் போதும். மறுபடி முயற்சி பண்ணலாமா வேண்டாமானு சொல்றதுக்கு கம்ப்யூட்டட் ப்ராப்பர்ட்டி (கேக்கும்போது கணக்குப் போட்டுத் தர்றது) வெச்சுக்கலாம், ஸ்டோர்டு ப்ராப்பர்ட்டி (ஒவ்வொரு வேல்யூவும் தன்கிட்ட சேமிச்சு வைக்கிறது) மட்டும் எனம்ல வைக்க முடியாது. ஸ்கிரீன் கோட் பாதியா கொறஞ்சிடும். கலர், ஃபான்ட் எல்லாம் இதுக்குள்ள திணிக்காதீங்க, அது வியூவோட வேல (இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க).

ஒரு இன்டர்வியூ டெஸ்ட்ல முயற்சி எண்ணிக்கைய ஒண்ணு கூட்டுற மெத்தட் கேட்டாங்க. கை தானா ஃபங்க்னு எழுதிடுச்சு, உள்ள செல்ஃப்க்கு புது வேல்யூ கொடுத்தா எரர். செல்ஃப்ப மாத்தப் போறேன்னு சொல்ற மியூட்டேட்டிங்ங்கிற ஒரு வார்த்தைய மறந்து பத்து நிமிஷம் முழிச்சிட்டு இருந்தேன். கேஸ்க்குள்ள இருக்குற எண்ண மட்டும் தொட்டு மாத்துற வழியும் கிடையாது, பழைய வேல்யூவ வெளிய எடுத்து, ஒண்ணு கூட்டி, செல்ஃப்க்கு முழு கேஸையும் புதுசா கொடுக்கணும்.

கேள்வியா வரக்கூடிய சில்லறை விஷயங்களும் இருக்கு. ரா வேல்யூவும் (ஒவ்வொரு கேஸுக்கும் முன்னாடியே கொடுத்த மாறாத மதிப்பு) அசோசியேட்டட் வேல்யூவும் ஒரே எனம்ல சேராது. ரெண்டு எனம் வேல்யூவ ஒண்ணானு ஒப்பிடணும்னா ஈக்வேட்டபிள்னு சொல்லணும், உள்ள இருக்குற டைப் எல்லாமும் ஈக்வேட்டபிளா இருந்தா மீதிய கம்பைலர் பாத்துக்கும். எல்லா கேஸையும் பட்டியலா தர்ற கேஸ்இட்டரபிள் மட்டும் அசோசியேட்டட் வேல்யூ இருந்தா தானா வராது, நாமளே எழுதணும்.

பயிற்சிக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், ஆப்ஷனல நீங்களே எழுதிப் பாருங்க. அதுவும் நன் (none, ஒண்ணும் இல்ல), சம் (some, ஏதோ இருக்கு)னு ரெண்டே கேஸ் உள்ள எனம் தான். மேப் மெத்தட யாரோட கோடையும் பாக்காம எழுதுங்க, சம்னா உள்ள இருக்குறத எடுத்து க்ளோஷர்ல (மேப்புக்கு நாம கொடுக்குற குட்டி ஃபங்ஷன்) போட்டு திரும்ப சம்ல மூடணும், நன்னா நன்னே. அப்புறம் 2019ல ஸ்விஃப்ட் 5ஓட வந்த ரிசல்ட்ட எடுங்க, சக்சஸ், ஃபெய்லியர்னு அதுலயும் ரெண்டே கேஸ், அதோட மேப்ப எழுதும்போது எனக்கு கை நிக்கவே இல்ல, ஃபெய்லியர் பக்கம் எரர அப்படியே கடத்தணும்ங்கிறது மட்டும் ரெண்டாவது தடவ தான் புரிஞ்சுது.