பலாவுக்கும் பித்தளைக்கும் நடுவில்

நவம்பர் 4, செவ்வாய்

பரணில் கிடந்த பலாப் பலகையில் அப்பாவின் பேனாவுக்கு மூன்று துண்டுதான் தேறியது. மற்றதெல்லாம் வெடிப்பு, ஒரு ஓரம் உளுத்துப் போயிருக்கிறது. வெளியே பழுப்பேறிவிட்டது. சீவினால் உள்ளே இன்னும் அதே மஞ்சள். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்: 49, 47, 51 கிராம். தினமும் நிறுக்கணும். எடை இறங்குவது நின்றால்தான் மரம் காய்ந்ததாக அர்த்தம். இந்த மழையில் ஏறாமல் இருந்தாலே பெரிய விஷயம்.

பத்திரப் பதிவுக்கு 24ஆம் தேதி டோக்கன் போட்டாயிற்று.

நவம்பர் 5

அப்பா கைநாட்டு வைக்க மாட்டாராம்.

நவம்பர் 6, வியாழன்

ரெஜிஸ்டர் ஆபீஸில் எல்லோருக்கும்தான் விரல் ரேகை எடுக்கிறார்கள் என்றேன். "ரேகை எல்லாருக்கும் எடுப்பான். கையெழுத்துப் போடுற இடத்துல கையெழுத்து இருக்கணும்" என்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பத்திரத்தில் 'இன்னாரின் இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதிக் கொடுத்தவர். அவரிடம் நான் என்ன வாதாட?

அப்பா கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ தம்பி சொன்னது தடித்த பேனா. சாதா பால்பென்னில் துணி சுற்றினாலே போதும் என்றுதான் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த மரம் அப்பா வைத்தது.

மரத்தில் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாய் ஒட்டி, மேலே கடைந்துதான் பேனா செய்வது. வழக்கமாகப் போடும் 7 மி.மீ. குழாய் வேண்டாம், 10 மி.மீ. குழாய் வரும் கிட். மரத்தையும் வயிறு வைத்துத் தடிமனாகக் கடைய வேண்டும். துளை போடுவது பிரச்சினை இல்லை. பிரச்சினை பசை. பித்தளைக் குழாய் உள்ளே போய்விட்டால் பசை எங்கே பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை என்று கண்ணுக்குத் தெரியாது. கடையும்போதுதான் தெரியும். முனையில் பசை இல்லாத இடத்தில் உளி பட்டால் மரம் சில்லு சில்லாகத் தெறிக்கும். மூன்றே துண்டு.

ஃபெவிகால் கணக்கிலேயே இல்லை. அது தண்ணீரை விட்டால்தான் இறுகும். மரம் குடிக்கும், பித்தளை குடிக்காது. போதாததற்கு ஈரத்தில் மரம் வேறு ஊதும்.

நவம்பர் 7

48, 47, 50.

நவம்பர் 8, சனி

பலாவைத் தொடவில்லை. வேப்பங்கட்டைத் துண்டுகளில் சோதனை. ஒன்றுக்கு சூப்பர் க்ளூ, கெட்டி ரகம். ஒன்றுக்கு ஐந்து நிமிட எபாக்சி, இரண்டு டியூபைக் கலந்து போடும் பசை. ஒன்றுக்கு அதே எபாக்சியில் மெதுவாக இறுகும் அரால்டைட். இன்னொன்றுக்கு பாலியூரித்தேன் பசை, அதற்குத் துளைக்குள் லேசாக ஈரம் காட்டணும். எல்லாக் குழாயையும் உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, திருகித் திருகி நுழைத்தேன். ஒரே ஒரு குழாயை மட்டும் தேய்க்காமல் பளபளவென்று அப்படியே போட்டிருக்கிறேன். அதற்கும் சூப்பர் க்ளூதான்.

அக்கா போன். மாமாவுக்கு எந்தப் பங்கும் வேண்டாமாம், ஆனால் 24ஆம் தேதி மாமாவும் வருவாராம்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் வாளால் நெடுக்குவாட்டில் பிளந்தேன்.

பாலியூரித்தேன் நுரைத்துப் பொங்கிக் குழாயையே ஒரு பக்கம் வெளியே தள்ளியிருக்கிறது. குழாய்க்குள்ளும் நுரை. இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி வைத்தால் சரியாகும், பிடிப்பு மோசமில்லை. ஆனால் எனக்கு இந்தப் பொங்குகிற குணமே பிடிக்கவில்லை.

சூப்பர் க்ளூ வரி வரியாக நிற்கிறது. நுழையும்போதே துளையின் வாய் பசையை வழித்து எடுத்துவிட்டது, நடுவில் விரல்நுனி அளவுக்கு வெறும் இடம். தேய்க்காத குழாய் கத்தி வைத்ததும் பளிச்சென்று உரிந்து வந்தது, பித்தளையில் பசையே இல்லை. தேய்த்த குழாய் அடம்பிடித்தது.

அரால்டைட் துண்டில் குழாயை நெம்பினால் மரநார் கூடவே பிய்ந்து வருகிறது. பசை விடவில்லை, மரம் விட்டது. ஐந்து நிமிட எபாக்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் தேய்க்கும் சூட்டில் கொஞ்சம் இளகும் ரகம் அது.

அப்படியானால் முடிவு எடுத்தாயிற்றா? ஆகவில்லை. சூப்பர் க்ளூ போட்ட பேனாக்கள் பலர் கையில் வருடக்கணக்கில் நன்றாகத்தான் இருக்கின்றன. நானே கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 10

அப்பா பெயர் எழுதிப் பார்த்தார். 'சு' வந்தது. 'ப்' புள்ளி வைக்கும்போது கை நழுவியது.

நவம்பர் 12, புதன்

தூக்கமில்லை. மூன்று மணிக்கு அப்பா இருமினார், வெந்நீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சூப்பர் க்ளூவைப் பசைக்காகத் தேடவே இல்லையாம். 1942இல் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் குழு துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் சனியனாக வந்து, தூக்கிப் போட்டார்கள். 1951இல் மறுபடி கையில் எடுத்தபோது ஒரு கருவியின் இரண்டு பட்டகங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது.

அது இறுகுவதற்குக் காற்றிலும் பொருளிலும் இருக்கும் ஈரமே போதும். நம் ஊர் ஐப்பசிக்கு இதைவிட அவசரக்காரப் பசை கிடையாது. குழாய் பாதி போகும்போதே நின்றுவிட்டால் உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. அந்தத் துண்டு அவ்வளவுதான். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் சூடாகிப் புகை வரும், அதுவும் ஒரு தொல்லை.

நவம்பர் 13

பதிவே வேண்டாம், அவர் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்று எனக்கே தோன்றியது. சொல்லவில்லை. 47, 46, 49.

நவம்பர் 14, வெள்ளி

47, 46, 49. நின்றுவிட்டது!

தஞ்சாவூர் போன வேலை சீக்கிரம் முடிந்தது. வீணைப் பட்டறையில் அரை மணி நேரம் நின்றேன். அங்கேயும் பலாதான், அங்கேயும் பலாவின் மேல் உலோகம். தந்திக்கு அடியில் குறுக்கே நிற்கும் இருபத்து நான்கு மெட்டுகளையும் கரி கலந்த மெழுகில்தான் பதிக்கிறார்கள். சுருதி விலகினால் மெழுகை இளக்கி எடுத்து மறுபடி பதிக்கலாம். பிரிக்க முடிவதுதான் அங்கே தேவை. எனக்கு நேர்மாறு. இருந்தாலும் அந்த ஆள் மெட்டை வைத்துவிட்டு, தட்டிப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேண்டியது அந்த அவகாசம். மெழுகு வேண்டாம்.

அரால்டைட்தான். மெதுவாக இறுகுவது.

நவம்பர் 16

கஜா புயல் அடித்த தேதி. அம்மா கொல்லைப்பக்கம் போகவே இல்லை.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி சந்தேகம். குளிர்சாதன அறையில் பேனா இருக்கும், பிறகு வெயிலில் காருக்குள் கிடக்கும். மரம் ஈரத்துக்கு ஊதிச் சுருங்கும், பித்தளை சூட்டுக்கு மட்டும் நீளும். இரண்டும் ஒரே பேச்சுக்கு வராது. நடுவில் இருக்கும் பசை கண்ணாடி மாதிரி இறுகினால் ஒருநாள் விட்டுவிடும். எபாக்சி கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். இதைத்தான் வெள்ளிக்கிழமையும் யோசித்தேன். திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். "எங்க ஆபீஸ்ல மைதாப் பசை. கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினா பூச்சி அண்டாது" என்றார். பேச்சு இவ்வளவு கோவையாக வந்தது இன்றுதான். பசையைப் பற்றி வேறு எதையெல்லாம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கத்திப் பிடிக்கு அரக்கு உருக்கி ஊற்றியதைச் சொன்னார். நாளைக்கு அதைக் கேட்கணும்.

நவம்பர் 18

அரக்கைப் பற்றிக் கேட்டேன். தூங்கிவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

ஒட்டியாயிற்று.

49 கிராம் துண்டு. துளையை 10 மி.மீ.க்கு மயிரிழை அதிகமாகவே விட்டேன், பசை தங்க இடம் வேண்டும். குழாயின் இரண்டு வாயையும் பச்சை உருளைக்கிழங்கு வில்லையில் அழுத்தி அடைத்தேன், பசை உள்ளே போகாது. இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கி, துளைக்குள் குச்சியால் சுற்றிலும் தடவி, குழாய் மேலும் தடவி, திருகிக்கொண்டே தள்ளி, பாதியில் வெளியே இழுத்துப் பார்த்து, பசை வழிந்த இடத்தில் மறுபடி தடவி, மறுபடி தள்ளினேன். சூப்பர் க்ளூவில் இப்படி வெளியே இழுத்துப் பார்க்க முடியுமா?

"என்னடா, கிழங்குக்கெல்லாம் ஓட்டை போட்டு வச்சிருக்க? பொரியலுக்குன்னு வாங்கினது" என்றாள் அம்மா.

24 மணி நேரம் தொடக்கூடாது.

நவம்பர் 21

மழை. கரண்ட் இல்லை, லேத் ஓடாது. தொடவில்லை.

நவம்பர் 22, சனி

குழாய்க்குள் இருந்த கிழங்கைக் குத்தித் தள்ளி, முனை இரண்டையும் கட்டரில் சமமாகச் சீவினேன். பித்தளை விளிம்பு வட்டமாகத் தெரியும் வரை. மரம் தெறிக்கவில்லை. கடையும்போது விரலால் தொட்டுத் தொட்டு சூடு பார்த்தேன். நடுவில் வயிறு, எழுதும் முனையில் கொஞ்சம் இறக்கம். மெழுகு மட்டும் பூசினேன், வழுக்குகிற பளபளப்பு வேண்டாம்.

அப்பா கையில் வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார். எதில் ஒட்டினாய் என்று கேட்டார். சொன்னேன். "காசு எவ்வளவு?" என்றார். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் சுப்பிரமணியன் பாதி வந்தது, 'ணி'யில் சுழி விழவில்லை. கீழே எப்போதும் இழுக்கும் கோட்டை மட்டும் அழுத்தமாக இழுத்துவிட்டார். ஒரே முனகல், பேனா கனமாம்.

குழாயை 7 மி.மீ. ஆக்கிக் கனத்தைக் குறைக்கலாமா? அப்படிச் செய்தால் உள்ளே மரம் கூடும். 46 கிராம் துண்டு இருக்கிறது. ஒட்டினால் நாளை இரவுதான் காயும்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒட்டவில்லை. ஆதார், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, போட்டோ, டோக்கன் பிரிண்ட். ரீஃபில் கூடுதலாக ஒன்று. வீல்சேர் டிக்கியில் மடங்குமா என்று இருட்டுவதற்குள் பார்க்கணும். மாமா இன்று ராத்திரியே வந்துவிடுவாராம்.