மாவியில் மூன்று நாள், மூன்று தோல்வி

2024 நவம்பர் இறுதியில் எட்டு கல்லூரி அணிகள் மோதும் தொடருக்காக ஹவாயின் மாவி தீவுக்குப் புறப்பட்டபோது, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. யூகான் என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் அந்த அணி 2023, 2024 என இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டத்தை வென்றிருந்தது. பட்டத்தைத் தீர்மானிக்கும் அந்த இரண்டு மார்ச் மாதத் தொடர்களிலும் ஆடிய 12 ஆட்டங்களையும் பத்துக்கும் மேற்பட்ட புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி என்பதால், 1967 முதல் 1973 வரை கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. தொடர்ந்து ஏழு பட்டங்கள் வென்றதற்குப் பிறகு யாருக்கும் வாய்க்காத மூன்றாவது தொடர் பட்டத்தைப் பற்றிய பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. மாவியில் மூன்று நாளில் மூன்று ஆட்டங்களையும் தோற்று, எட்டு அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்து அந்த அணி திரும்பியது.

அந்தத் தோல்விகளை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டவர்கள் அப்போது பலர் இருந்தார்கள். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. பந்தோடு ஓடிவரும் எதிரணிக் கார்டை (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வெளிப்புற வீரரை) ஃபவுல், அதாவது விதிமீறல், செய்யாமல் தடுத்து நிறுத்தக்கூடிய ஆள் இந்த அணியில் இல்லை என்பதை மாவி நவம்பரிலேயே காட்டிக் கொடுத்துவிட்டது என்பதுதான் என் எண்ணம். முந்தைய ஆண்டின் தொடக்க ஐவரில் ஸ்டெஃபன் காசில், டானவன் கிளிங்கன், கேம் ஸ்பென்சர், டிரிஸ்டன் நியூட்டன் ஆகிய நால்வரும் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள், எஞ்சியவர் அலெக்ஸ் கராபன் மட்டுமே. கூடையிலிருந்து தள்ளி வெளிப்புறத்தில் காசிலும் கூடைக்கு அடியில் கிளிங்கனும் நின்ற காலத்தில், முன்னவரைத் தாண்டி வருபவரைப் பின்னவர் பார்த்துக்கொள்வார். புதிய பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களையும் யூகான் எளிதாக வென்றது உண்மைதான், ஆனால் சேக்ரட் ஹார்ட், நியூ ஹாம்ப்ஷயர், லெமோய்ன், ஈஸ்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகிய எளிய எதிரணிகளை வைத்து இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மாவி தொடருக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1982 டிசம்பரில் ஹொனலுலுவின் சாமினேட் என்ற சிறிய கல்லூரி, ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய, முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 77-72 என்று வீழ்த்தியது. அந்தப் புகழின் அலையில்தான் 1984இல் இத்தொடர் தொடங்கியது. இது நடக்கும் லஹைனா நகர அரங்கில் ஏறத்தாழ 2,400 பேர்தான் அமர முடியும் என்பதால், பயிற்சியாளர் நடுவரைப் பார்த்துக் கத்துவது கடைசி வரிசை வரை கேட்கும். 2023 ஆகஸ்ட் காட்டுத்தீயில் லஹைனா நகரம் எரிந்து நூறு பேருக்கு மேல் உயிரிழந்ததால் அந்த ஆண்டு தொடர் ஹொனலுலுவில் நடந்தது. 2024இல்தான் லஹைனாவுக்குத் திரும்பியது.

முதல் ஆட்டம் மெம்ஃபிஸுடன். கடைசிக் கட்டத்தில் 13 புள்ளிகள் பின்தங்கியிருந்த யூகான் விடாமல் துரத்தி வந்து, நேரம் முடிய ஏறக்குறைய ஒரு நொடி இருக்கையில் சோலோ பால் போட்ட மூன்று புள்ளி எறிதலால் ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 92-92 என்று நிற்க, 40 நொடிகள் மீதமிருந்தபோது, ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்க, எழும்பிய யூகானின் லியம் மெக்நீலி எதிரணி வீரரின் முதுகின் மேல் ஏறினார் என்று நடுவர் ஃபவுல் கொடுத்தார். பயிற்சியாளர் டேன் ஹர்லி நம்ப முடியாதவராய்த் தரையில் மல்லாந்து விழுந்தார். அதற்காக, நடத்தைக்குத் தரப்படும் டெக்னிக்கல் ஃபவுலும் சேர்ந்துகொண்டது. மெம்ஃபிஸின் பி.ஜே. கார்ட்டர் டெக்னிக்கலுக்கு இரண்டு, மெக்நீலியின் ஃபவுலுக்கு இரண்டு என நான்கு ஃப்ரீ த்ரோக்களையும் (தடுப்பாரின்றி எறியும், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி தரும் வாய்ப்புகள்) தவறாமல் போட, 96-92 ஆயிற்று. இறுதிக் கணக்கு 99-97. ஹர்லி தரையில் விழுந்ததற்கு விலையாகப் போன புள்ளிகள் இரண்டு, தோற்ற வித்தியாசமும் இரண்டு. 17 ஆட்டங்களாகத் தொடர்ந்து வந்த வெற்றி வரிசை அத்துடன் அறுந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஹர்லி அந்த ஃபவுலைக் கடுமையாகச் சாடினார், ஊடகங்களும் நாள் முழுவதும் அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டின. நடுவர் அந்த ஃபவுலைக் கொடுத்திருக்க வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 45 நிமிடத்தில் 99 புள்ளி விட்டுக்கொடுத்த தடுப்பாட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலைத் தொட்டுவிட்டால் அதன்பின் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும். கை வைக்காமல் தடுக்கத் தெரியாத அணி அந்த எண்ணிக்கையைச் சீக்கிரமே எட்டிவிடும்.

மறுநாள் கொலராடோ. தரவரிசையிலேயே இல்லாத அந்த அணி, ஆண்ட்ரேய் யகிமோவ்ஸ்கி சுமார் எட்டு நொடிகள் மீதமிருக்கையில் நிலைகுலைந்து சாய்ந்தபடியே போட்ட கூடையால் 73-72 என்று வென்றது. மூன்றிலும் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த ஆட்டம்தான். மெம்ஃபிஸிடம் வேகமான கார்டுகள் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம், அந்தப் பருவத்தையே 14 வெற்றி, 21 தோல்வியோடு முடித்த கொலராடோவிடம் தோற்றதற்கு என்ன சொல்வது? மூன்றாம் நாள், முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்ட கராபன் இல்லாமல் டேட்டனிடம் 85-67 என்று யூகான் தோற்றது. ஏழாம் இடத்துக்கான அந்த ஆட்டத்தில் சலிப்பும் களைப்பும் தவிரப் பார்ப்பதற்கு அதிகமில்லை. பட்டம், இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸை 90-76 என்று வென்ற ஆபர்னுக்குப் போயிற்று.

இத்தகைய தொடர்களில் நாளை எதிராளி யார் என்பது இன்று இரவுதான் தெரியும். பழைய ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வீரர்களுக்குச் சொல்லித் தரக் கிடைப்பது ஒரே இரவு. மார்ச் மாதத் தொடரிலோ இரண்டு ஆட்டங்களுக்கு இடையே ஒரு நாளாவது இருக்கும். தயாரிப்பில் நுணுக்கம் பார்க்கும் ஹர்லி போன்றவரின் பலம் இங்கே பாதியாகிவிடுகிறது என்பதை நானும் மறுக்கவில்லை.

தரவரிசையில் 25ஆம் இடத்துக்குச் சரிந்த யூகான், டிசம்பரில் பேலர், டெக்சஸ், கொன்சாகா ஆகிய மூன்றையும் வரிசையாக வென்றதும், மாவி ஒரு விபத்து என்ற பேச்சு வலுத்தது. பிப்ரவரியில் அந்தப் பருவத்தின் பலவீனமான அணிகளுள் ஒன்றான சீட்டன் ஹாலிடம் கூடுதல் நேரத்தில் 69-68 என்று தோற்றபோது அந்தப் பேச்சு அடங்கியது. மார்ச் தொடரில் தன் பிரிவின் எட்டாம் நிலை அணியாக நுழைந்து, ஓக்லஹோமாவை வென்று, அடுத்த சுற்றில் ஃப்ளோரிடாவிடம் 77-75 என்று வெளியேறியது. பின்னர் பட்டத்தையே வென்ற ஃப்ளோரிடாவை அவ்வளவு நெருக்கியது பெருமைதான். ஆனால் முன்னிலையில் இருந்த யூகானிடமிருந்து கடைசி நிமிடங்களில் ஆட்டத்தைப் பறித்தவர் வால்டர் கிளேட்டன் என்ற கார்டு. அவரைத் தடுக்க அப்போதும் ஆளில்லை.

அடுத்த பருவத்தில் ஹர்லி மூன்று நாள் தொடர் எதிலும் அணியைச் சேர்க்காமல் பி.ஒய்.யூ. (பிரிகம் யங் பல்கலைக்கழகம்), அரிசோனா, இல்லினாய், கேன்சஸ், ஃப்ளோரிடா என்று பெரிய அணிகளைத் தனித்தனியே, இடைவெளி விட்டு எதிர்கொண்டார். பயிற்சியாளராக அவர் செய்தது புத்திசாலித்தனம். பார்வையாளனாக எனக்கு அதில் சற்று ஏமாற்றம்தான்.