கலியாண வீட்டு டிவிடியை எறிய வேண்டாம்

வன்னியில் பல வீடுகளில் மீள்குடியேறிய பிறகு எடுத்த படங்கள்தான் ஆகப் பழையவை. அதற்கு முந்தைய அல்பங்கள் 2009இல் இடப்பெயர்வோடு போய்விட்டன. அதனால்தான் புதுக்குடியிருப்பு மாமி, "பிளேயரும் பழுது, கொம்பியூட்டரிலயும் போட ஏலாதாம். எறியட்டே தம்பி?" என்று மச்சாளின் 2012ஆம் ஆண்டு கலியாண வீட்டு டிவிடியை நீட்டியபோது எனக்குப் பதறிவிட்டது.

இப்போதைய லப்டொப்களில் டிவிடி போட இடமே இல்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று வேண்டும். அதைச் செருகினாலும் படம் தானாக ஓடாது. விண்டோஸ் 8இல் இருந்தே டிவிடிப் படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. வெறும் ஃபோல்டர்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் சனம் டிஸ்க் பழுது என்று முடிவு கட்டுகிறது. விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருள் இலவசம். அதில் மீடியா, ஓப்பன் டிஸ்க் என்று போனால் சரி.

மாமியின் டிஸ்க் முதலில் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றது. டிரைவை, ஒரு யூஎஸ்பி வாயைப் பலதாகப் பிரிக்கும் ஹப்பில் கொழுவியிருந்தார்கள். சுழலத் தொடங்கும்போதுதான் டிரைவுக்குக் கூடுதல் கரண்ட் தேவை. பழைய யூஎஸ்பி 2 வாய் 500 மில்லி அம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 என்றால் 900. லப்டொப்பின் நீல நிற யூஎஸ்பி 3 வாயில் நேரே செருகியதும் நாதஸ்வரம் கேட்டது! மேளகாரரின் கை வேகமாக ஆடும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் விழுந்தன. விஎல்சியில் டி (D) எழுத்தை அழுத்த, அதுவும் போனது.

ஸ்டூடியோவில் எழுதித் தந்த டிஸ்க்கில் படம் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் அதைக் கெடுக்கும். தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் இன்னும் கெதியாக. துடைப்பதென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

பார்த்து முடிந்ததும் விட்டுவிடாமல் கொப்பி எடுங்கள். சாதாரண டிஸ்க்கில் கூடியது 4.7 ஜிபிதான், ஒரு பென் டிரைவ் தாராளமாகப் போதும். டிஸ்க்கில் உள்ள வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் சரி. இடையில் சிக்கினால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும்.

மச்சாளுக்கும் ஒரு கொப்பி கொடுத்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்காவிடம் மகளின் சாமத்தியவீட்டு டிஸ்க் இருக்கிறதாம். அடுத்தது அதுதான்.