அண்ணன்ட மெசின்

2025 பெப்ரவரி 8, சனி

என் கைமணிக்கூடு நேற்றிரவும் நின்றுவிட்டது. கழற்றி மேசையில் வைத்தால் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். விடிய எடுத்துக் கட்டி, முள்ளை முன்னால் தள்ளி நேரம் வைத்தால் பொழுதுபடும்வரை ஓடும்.

உள்ளே இருப்பது சீக்கோ 7எஸ்26, கை அசைவிலேயே தன்னை முறுக்கிக்கொண்டு ஓடும் மெசின். அண்ணன் 1999இல் தோஹாவில் வாங்கிக் கட்டிய சீக்கோ 5 மணிக்கூட்டில் இருந்தது. அதன் கேஸை வியர்வையும் உப்புக்காற்றும் தின்று முடித்துவிட்டன. மெசினை மட்டும் காப்பாற்றி, கேஸ், டயல், முள்ளு, சாவி (நேரம் வைக்கும் திருகு) எல்லாம் இணையத்தில் வெவ்வேறு இடத்தில் வாங்கி, 1940களின் இராணுவ மணிக்கூடு போல ஒன்றை மருமகன் கட்டித் தந்தான். கறுப்பு டயல், பழுத்த மஞ்சளில் எண்கள், குவிந்த கண்ணாடி. டயலில் எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு மரியாதை. தான் அல்லாத ஒன்றின் பெயரை அது சொல்லிக்கொள்வதில்லை.

டவுனில் ஒரு கடைக்காரர் டயலைப் பார்த்ததுமே "டூப்ளிகேட், கை வைக்க மாட்டன்" என்று திருப்பித் தந்தார். பின்மூடியைத் திறக்கவே இல்லை. இன்னொருவர் திறந்து பார்த்தார். "புது என்எச்35 போட்டுத் தாறன். சேர்விஸ் செய்யிற காசுக்கு அது லாபம்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. என்எச்35உம் சீக்கோவின் மெசின்தான், அதே இடத்தில் பொருந்தும். சாவியால் முறுக்கலாம், நேரம் வைக்கும்போது செக்கன் முள்ளு நிற்கும். 7எஸ்26இல் இரண்டும் இல்லை. ஆனால் அதைப் போட்டபின் இந்த மணிக்கூட்டில் அண்ணனுடையது என்று ஒரு ஆணிகூட மிஞ்சாது.

பெப்ரவரி 12, புதன்

பௌர்ணமிப் போயா விடுமுறை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அண்ணன் வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். வயலில் நின்றவர் மணிக்கூட்டை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "ஓடுறத்துக்கு என்ன? திருத்தக் கூடின ஆளைத் தேடு. மெசின மாத்தினா மறுகா அது வேற மணிக்கூடு."

பெப்ரவரி 15, சனி

ஆள் கிடைத்துவிட்டார்.

காத்தான்குடியில், புடவைக்கடை வாசலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வேலை செய்கிறார். எழுபதை நெருங்கும் வயது. வாப்பாவிடம் பழகிய தொழிலாம். மணிக்கூட்டைக் கையில் வாங்குமுன் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எத்தின மணிக்கு நிக்கி?"

நடுச்சாமத்தில் என்றேன். "ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்திலயா?" ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணில் லென்ஸை வைத்தார்.

நேரம் மாறி மாறி நின்றால் ஒரு காரணம், ஒரே நேரத்தில் நின்றால் வேறு காரணம் என்றார். 7எஸ்26இல் திகதியும் கிழமையும் உண்டு. என் டயலில் அவற்றைக் காட்டும் சாளரம் இல்லை. ஆனால் டயலுக்கு அடியில் இரண்டு தட்டும் இரவு ஒன்பது மணிபோல் நகரத் தொடங்கி விடியப்புறம்வரை மாறிக்கொண்டிருக்கின்றன. ஒயில் காய்ந்த மெசினுக்கு அந்தச் சுமையை இழுக்க ஏலாது. "நாளக் காட்டாத மணிக்கூடு, ஆனா நாள மாத்துது" என்றார். இது யாருக்கும் தோன்றவில்லை, மருமகனுக்கும்தான்.

டயலைக் கழற்றினார். அதை மெசினில் பிடித்து நிறுத்தும் கால்கள் வெட்டப்பட்டிருந்தன. டயல் நாலு மணிப் பக்கம் சாவி வரும் கேஸுக்குச் செய்தது. எங்கள் கேஸில் சாவி மூன்றில். அதனால் பசையால் ஒட்டியிருந்தது. அடியில் கிழமைத் தட்டில் ஆங்கிலமும் அரபும் மாறி மாறி. அவர் தட்டை மெல்ல நகர்த்தி "ஜும்ஆ", அதாவது வெள்ளி, என்று வாசித்துவிட்டுச் சிரித்தார். "இது வளைகுடாவுக்கு அனுப்பின மெசின்தான்."

பிறகு ஒரு கொப்பியில் எழுதினார்: மெசின் சீக்கோ, கேஸ் வேற, சாவி வேற, டயல் வேற. முள்ளுகளின் துளையை அளந்தார்: 1.5, 0.9, 0.2 மில்லிமீற்றர். சீக்கோ அளவேதான். "கலப்பு எண்டா பிழையில்ல தம்பி. எது எங்கால வந்ததெண்டு தெரியாட்டித்தான் கரைச்சல்."

முழு மெசினையும் பெற்றோலில் முக்கி எடுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் அழுக்கு கரைந்து துளைகளுக்குள்ளேயே இறங்கும். காக்கா (அந்தப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) ஒவ்வொரு பல்லுச் சக்கரத்தையும் பிரித்துக் கழுவுவார். வேகமாகச் சுற்றும் இடத்துக்கு மெல்லிய ஒயில், மெதுவாகச் சுற்றும் இடத்துக்குத் தடித்தது, சக்கரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடும் பலெற்றின் அச்சு முனைகளுக்கு ஒயிலே இல்லை. நோன்புக்கு முன்னம் தருவதாகச் சொன்னார்.

பெப்ரவரி 22, சனி

அவரே போன் எடுத்தார். மேஜிக் லீவரின் நகம் தேய்ந்திருக்கிறதாம். கை அசையும்போது சுற்றும் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங்கை முறுக்குகிற கொக்கி அது. சீக்கோ 1959இலிருந்து பாவிக்கிறது. சாவியால் முறுக்க முடியாத மெசினுக்கு அது தேய்ந்தால் வேறு வழியில்லை. தன்னிடம் உடைந்த 7எஸ்26 ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எடுத்துப் போடட்டுமா என்று கேட்டார். கேட்காமலே போட்டிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. கேட்டதற்காக அவர்மேல் வந்த மதிப்பு பெரிது.

அண்ணனிடம் சொன்னேன். "அதே மெசின்ட சாமான்தானே, போடச் சொல்லு."

மார்ச் 1, சனி

நேற்று வெள்ளி, கடை பூட்டு. இன்று எடுத்து வந்தேன்.

மேசையில் இருந்த சோதனைப் பெட்டியில் வைத்துக் காட்டினார். மணிக்கு 21,600 துடிப்பு, பலன்ஸ் சக்கரம் ஊசலாடும் வீச்சு 250 பாகைக்குச் சற்று மேல். கொண்டுபோன அன்று 170ஐத் தொடவில்லை. இந்த மெசினுக்கு நாளுக்கு 20 செக்கன் பிந்துவது முதல் 40 செக்கன் முந்துவதுவரை கம்பனியே ஒப்புக்கொள்ளும் எல்லை. இது இப்போது ஆறு ஏழு செக்கன் முந்துகிறது.

திகதி, கிழமைத் தட்டுகளைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். தேவையில்லை, சுத்தமான மெசின் அதை இழுக்கும் என்றார். அதோடு இன்னொன்றும் செய்திருக்கிறார். திகதி வெளியே தெரியாததால் அது எப்போது மாறினாலும் ஒன்றுதான். ஆகவே டயலை ஒட்டுமுன், நாள் மாறுவது பகல் பன்னிரண்டுக்கு வரும்படி முள்ளைப் போட்டுவிட்டார். அந்த நேரம் மணிக்கூடு கையில் இருக்கும், ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். நின்றுபோனால் முள்ளை முன்னால் மட்டும் தள்ளி நேரம் வைக்க வேண்டும். நின்றது பகலா இரவா என்று பார்த்து, பன்னிரண்டு மணித்தியாலம் பிசகாமல் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாள் மாறுவது மறுபடி நடுச்சாமத்துக்குப் போய்விடும்.

பின்மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். ஆனாலும் ஆற்றிலோ கடலிலோ இறங்கும்போது கழற்றச் சொன்னார்.

மார்ச் 8, சனி

ஒரு இரவும் நிற்கவில்லை. கொப்பியில் எழுதிய சாமான் விபரத்தின் படத்தை மருமகனுக்கும் அனுப்பினேன். லீவர் மாற்றியதும், மாற்றிய திகதியும் அதில் உண்டு. அடுத்த முறை திறப்பவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

பெரியம்மா வீட்டில் நின்றுபோன சீக்கோ ஒன்று கிடக்கிறது. காக்காவிடம் கேட்டேன். நோன்புப் பெருநாள் முடியட்டும், கொண்டு வாங்க என்றார்.