‘பிரேஸீ’ என்ற சொல்லின் வேரும் சுருக்கி எழுதும் பயிற்சியும்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்காகத் தில்லி கரோல்பாகில் அறையெடுத்துத் தங்கியிருந்தபோது, தகுதித்தாள்தானே என்று ஆங்கிலத் தாளை நான் ஒதுக்கியே வைத்திருந்தேன். 300 மதிப்பெண்ணில் 25 விழுக்காடு பெற்றால் போதும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பெறாதவருக்கு மற்றத் தாள்களின் மதிப்பெண் கணக்கில் சேராது. அந்தத் தாளில் 75 மதிப்பெண் ‘பிரேஸீ’க்கு (précis) உரியது. தரப்பட்ட பத்தியை, தலைப்பிடாமல், சொந்த நடையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித் தர வேண்டும்.

கடைசி எழுத்து ஒலிக்காத இந்தச் சொல்லைப் பள்ளி நாளிலிருந்தே ‘பிரெசிஸ்’ என்று படித்து வந்தேன். பொருளும் எனக்குப் பிடிபடவில்லை. பத்தியிலுள்ள எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பதே சுருக்கம் என்று எண்ணியதால், 100 சொல்லில் முடிய வேண்டியது 140ஐத் தாண்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஆங்கிலச் சொற்பிறப்பைத் தேடிப் படித்தபோதுதான் தெளிவு பிறந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘பிரேஸீ’யின் வேர், ‘முனையை வெட்டிக் குறைத்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை. ‘பிரிசைஸ்’, ‘கன்சைஸ்’, ‘டிசைட்’ ஆகியவையும் அதே வெட்டிலிருந்து கிளைத்தவை. ‘சம்மரி’யோ கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெட்ட வேண்டிய இடத்தில் நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எழுதுவதற்கு முன்பே பென்சிலால் அடிக்கத் தொடங்கினேன். ‘கிணறு, குளம், ஏரி, ஊருணி என்று நம் முன்னோர் வெட்டிவைத்த நீர்நிலைகள் யாவும் இன்று பராமரிப்பாரின்றித் தூர்ந்து கிடக்கின்றன’ என்பதைப் போன்ற ஒரு வாக்கியம் வந்தால், ‘மரபான நீர்நிலைகள் பராமரிப்பின்றித் தூர்ந்துவிட்டன’ என்று நான்கே சொல்லில் நிற்கும். அடுக்கிச் சொன்ன பெயர்களுக்கு ஒரு பொதுப்பெயர் இடுவதே இதில் பெரிய உதவி; எடுத்துக்காட்டுகளையும் கூறியது கூறலையும் தயங்காமல் நீக்கலாம். ஆயினும் ‘ஆனால்’, ‘எனவே’ போன்ற இணைப்புகளில் கை வைக்கக் கூடாது, அவற்றை வெட்டினால் ஆசிரியரின் வாதமே அறுந்துவிடும். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலாவது ‘குன்றக் கூறல்’. தமிழ்த் தாளின் சுருக்கத்துக்கும் இந்த அளவுகோலையே கொண்டேன்.

பிறகு நாளொரு தலையங்கமாக எடுத்து, அடித்தல் 10 நிமிடம், மூலத்தை மூடிவைத்து எழுதுதல் 15 நிமிடம், சொல் எண்ணுதல் 5 நிமிடம் என்று பழகினேன். மூன்றாவது வாரத்தில் என் சுருக்கங்கள் 100க்கும் 105க்கும் இடையில் நின்றன.