முடிச்சுக்குக் காற்று பொறுப்பல்ல

நோர்வேயில் சால்மன் பிடித்துப் பழகிய சித்தப்பா விட்டுச்சென்ற ஒன்பதடி ஃபிளை தூண்டிற்கோலை எடுத்துக்கொண்டு நான் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தோரம் போய் நின்றது, சோளகம் பலமாக வீசும் ஆனி மாதத்தில். பத்து வீச்சுக்கு ஒரு முறையாவது தங்கூசியில் முடிச்சு விழுந்தது. பழியைக் காற்றின் மேல் போட்டேன். தொலைபேசியில் சித்தப்பா சிரித்தார்: "தம்பி, காத்தைக் குறை சொல்லாதை, கோலின்ரை நுனியைப் பார்."

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துச் செல்லும். இதிலோ முள்ளில் இறகாற் கட்டிய பொய் ஈக்கு, அதாவது ஃபிளைக்கு, எடையே இல்லை. தடித்த நூலின் எடைதான் அதைச் சுமக்கிறது. எடையை வைத்தே இந்நூலுக்கு இலக்கமிடுவார்கள்; எட்டாம் இலக்க நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 13.6 கிராம். அந்த நூல் சரித்து வைத்த 'ப' போன்ற லூப்பாக விரிந்து செல்லும்; அதன் வடிவத்தைத் தீர்மானிப்பது கோல்நுனி செல்லும் பாதை. நுனி நேர்கோட்டில் சென்று சட்டென நின்றால் லூப் ஒடுங்கிக் காற்றைக் கிழிக்கும். மணிக்கட்டு மடங்கி நுனி வில்லாக வளைந்து சென்றால் லூப் அகன்று, எதிர்க்காற்றில் செத்து விழும். கோலின் அடியைச் சட்டைக் கைக்குள் செருகி வீசியதில் இந்தக் குறை இரண்டு நாளில் அடங்கிற்று.

முடிச்சின் கதை வேறு. பக்கவாட்டிலிருந்து தம்பி எடுத்த காணொளியில், முன்வீச்சின் தொடக்கத்திலேயே நான் வெடுக்கென இழுப்பதும், அதனாற் கோல் அளவுக்கு மீறி வளைந்து நுனி தாழ்வதும், லூப்பின் மேற்கால் கீழ்க்காலின் குறுக்கே விழுந்து சிக்குவதும் தெளிவாகத் தெரிந்தன. சிறுவயதில் ஈர்க்கு நுனியில் வேப்பம்பழம் குத்தி எறிந்தவர்களுக்கு இது புரியும்: தொடக்கத்தில் உதறினால் பழம் எங்கோ போகும், மெல்லத் தொடங்கி, வேகத்தைச் சீராக ஏற்றி, இறுதியில் நிறுத்தினாற்றான் குறிக்குப் போகும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பின்னால் நூல் நேராகும் முன்பே அவசரத்தில் என் கை முன்னே ஊர்ந்துவிடுவதால், வீசுவதற்கு மிஞ்சும் தூரம் குறைந்து, அதே வெடுக்கு மீண்டும் வந்துவிடுகிறது. தலையைத் திருப்பி நூலைப் பார்த்தபடி, பின்வீச்சு நின்றதும் கையைச் சற்றுப் பின்னே நகர விட்டேன், ஊர்தல் நின்றது. முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டி, 25 அடி நூலுடன் புல்வெளியிற் பழகுவது கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு.

நாற்பது அடியைத் தாண்டினால் எனக்கு இன்னும் முடிச்சு விழுகிறது. நீண்ட நூலுக்கு வீச்சின் அகலமும் நீள வேண்டும். கையோ பழைய அளவிலேயே நின்றுவிடுகிறது.